மகளுக்கு 59.2, நாத்தனார் மகனுக்கு 60: இது எப்படி நியாயம்?

கேள்வி: நாங்கள் கோயம்புத்தூர்ப் பக்கம், இங்கிலாந்துக்கு வந்து ரொம்ப வருஷமாகிறது. மகளுக்குப் போன வாரம் டிகிரி ரிசல்ட் வந்தது. இரண்டாம் வருஷ சராசரி 55, மூன்றாம் வருஷம் 62. மொத்தம் 59.2 என்று கணக்குப் போட்டு டூ டூ (2:2, இரண்டாம் வகுப்பில் கீழ்ப்பிரிவு) கொடுத்துவிட்டார்கள். என் நாத்தனார் மகன் வேறு பல்கலைக்கழகத்தில் அதே பிசினஸ் பாடம்தான் படித்தான். அவனுக்கு இரண்டாம் வருஷம் 54, மூன்றாம் வருஷம் 62. இவளைவிடக் குறைவு, ஆனால் அவனுக்கு டூ ஒன் (2:1, அதே வகுப்பில் மேல்பிரிவு). குடும்பத்தில் தலை நிமிர முடியவில்லை. இரண்டாம் வருஷத்தில் என் அம்மா இறந்து ஊருக்குப் போயிருந்த சமயம், ஒரு கோர்ஸ்வொர்க்கை வெள்ளிக்கிழமைக்குப் பதில் திங்கள் காலை அனுப்பினாள், அந்த மாட்யூலில் (பாடப் பகுதியில்) வெறும் 38. ரீவேல்யுவேஷன் போட முடியாதா? நிறத்தைப் பார்த்துக் குறைத்துவிட்டார்களோ என்று வீட்டுக்காரர் கேட்கிறார். நம் ஊரில் 60 எடுத்தாலே ஃபர்ஸ்ட் கிளாஸ், இங்கே என்னதான் கணக்கு?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதலில் ஒன்று. மகளின் டிரான்ஸ்கிரிப்டையும் (மார்க் பட்டியலையும்) அவள் பல்கலைக்கழகத்தின் விதிமுறைப் பக்கங்களையும் சேர்த்து அனுப்பியிருந்தீர்கள், அதற்கு நன்றி. பெரும்பாலானவர்கள் "59 வந்திருக்கு, ஏதாவது செய்யுங்க" என்று ஒரு வரி எழுதுவார்கள், அதை வைத்து நான் என்ன சொல்வது! நான் இங்கே ஒரு பல்கலைக்கழக ரெஜிஸ்ட்ரியில், அதாவது நிர்வாக அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், ரிசல்ட்டை முடிவு செய்கிற எக்ஸாம் போர்டு கூட்டங்களில் குறிப்பெடுக்கிற ஆள். அந்த மேசையில் என்ன நடக்கும் என்று தெரியும் என்பதால், உங்கள் வீட்டில் நடக்கிற விவாதத்தில் பாதி தேவையில்லாதது என்று தைரியமாகச் சொல்கிறேன். மீதிப் பாதியில்தான் விஷயம் இருக்கிறது.

நம் ஊர்க் கணக்கை மறந்துவிடுங்கள். இங்கே 70உம் அதற்கு மேலும் ஃபர்ஸ்ட், 60 முதல் 69 வரை டூ ஒன், 50 முதல் 59 வரை டூ டூ, 40 முதல் 49 வரை தேர்ட். 40க்குக் கீழே ஃபெயில். 100க்கு மார்க் போட்டாலும் 80க்கு மேலே போவது அபூர்வம், அதுவும் கட்டுரை எழுதுகிற பாடங்களில் 75 வாங்கினால் ஆசிரியரே கூப்பிட்டுப் பாராட்டுவார். ஆக மூன்றாம் வருஷம் 62 என்பது நல்ல மார்க். டிசர்டேஷனில், அதாவது கடைசி வருஷ ஆய்வுக் கட்டுரையில், 68 வாங்கியிருக்கிறாள், அதை நீங்கள் கடிதத்தில் சொல்லவே இல்லை, டிரான்ஸ்கிரிப்டைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

சரி, நாத்தனார் மகன் விஷயம். இதில் ஏமாற்றும் இல்லை, சிபாரிசும் இல்லை. இந்த நாட்டில் டிகிரி கொடுக்கிற அதிகாரம் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனியாக இருக்கிறது. நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு கிடையாது, ஒரே சூத்திரமும் கிடையாது. 70, 60, 50, 40 என்ற கோடுகள் மட்டும்தான் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்று. அந்தக் கோட்டைத் தொடும் எண்ணை எப்படிக் கணக்கிடுவது என்பதை அவரவர் விதிமுறைப் புத்தகம் தீர்மானிக்கிறது. இங்கிலாந்தில் சாதாரணமாக மூன்று வருஷ ஹானர்ஸ் டிகிரிக்கு வருஷத்துக்கு 120 வீதம் 360 கிரெடிட் (பாடத்தின் அளவைக் காட்டும் புள்ளி). முதல் வருஷம் பாஸ் ஆனால் போதும், அநேகமாக எல்லா இடத்திலும் அந்த மார்க் வகுப்புக் கணக்கில் வராது. இரண்டாம் வருஷத்துக்கும் மூன்றாம் வருஷத்துக்கும் எவ்வளவு எடை என்பதில்தான் வித்தியாசமே தொடங்குகிறது.

உங்கள் மகளின் பல்கலைக்கழகம் இரண்டாம் வருஷத்துக்கு 40 சதவீதம், மூன்றாம் வருஷத்துக்கு 60 சதவீதம் எடுக்கிறது. 55இல் 40 சதவீதம் 22, 62இல் 60 சதவீதம் 37.2, கூட்டினால் 59.2. கூட்டலில் தப்பில்லை. பையன் படித்த இடத்தின் விதியையும் தேடிப் பார்த்தேன், அங்கே 25க்கு 75. அவனுக்கு 13.5, 46.5, சரியாக 60. மயிரிழையில் தப்பித்திருக்கிறான்! அவனை உங்கள் மகளின் பல்கலைக்கழகத்தில் உட்காரவைத்திருந்தால் 58.8, டூ டூதான். இவள் அங்கே படித்திருந்தால் 60.25, டூ ஒன். இதை நாத்தனாரிடம் போய்ச் சொல்லிக் காட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை, உங்கள் மனசுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் கேளுங்கள். மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு என்று எடுக்கிற இடங்கள் உண்டு, அங்கே இவளுக்கு 59.67. இரண்டு வருஷத்துக்கும் சம எடை கொடுத்தால் 58.5. கடைசி வருஷத்தை மட்டும் பார்க்கிற இடத்தில் நேராக 62. அப்புறம், மிக மோசமான ஒரு மாட்யூலைத் தள்ளிவிட்டுச் சராசரி எடுக்கிற பழக்கமும் சில இடங்களில் உண்டு. அந்த 38ஐத் தள்ளினால் இரண்டாம் வருஷ சராசரி 58.4 ஆகி, அதே 40க்கு 60 எடையிலேயே 60.56 வந்துவிடும். எழுதிய தாள் ஒன்றுதான், திருத்தியவர் ஒருவர்தான், மார்க்கும் அதேதான். விதி மாறினால் வகுப்பு மாறுகிறது.

இதெல்லாம் ஏன் இப்படி என்று கேட்பீர்கள். கடைசி வருஷத்துக்கு அதிக எடை கொடுப்பவர்கள், மாணவர் வெளியே போகும்போது எந்த உயரத்தில் இருக்கிறார் என்பதுதான் முக்கியம் என்பார்கள். சம எடைக்காரர்கள், இரண்டு வருஷமும் ஒழுங்காக உழைத்தவருக்கும் கடைசியில் மட்டும் ஓடியவருக்கும் வித்தியாசம் வேண்டாமா என்பார்கள். எனக்கு முதல் கட்சி பிடிக்கும், பத்தொன்பது வயதில் வாங்கிய மார்க்கை இருபத்தொரு வயதுக்காரியின் மேல் ஏன் சுமத்த வேண்டும்? ஆனால் மோசமான மாட்யூலைத் தூக்கி எறிகிற விதியை நான் ஆதரிக்க மாட்டேன், அது உங்கள் மகளுக்கு லாபமாக இருந்திருக்கும் என்றாலும். அதுவும் அவள் எழுதியதுதானே.

இந்த விஷயம் அரசியலாகவும் ஆகிவிட்டது. இங்கிலாந்தில் 2010-11இல் ஃபர்ஸ்ட் வாங்கியவர்கள் கிட்டத்தட்ட 16 சதவீதம், 2020-21இல் 37 சதவீதத்துக்கு மேல். பத்து வருஷத்தில் இரண்டு மடங்குக்கும் மேல். கொரோனா காலத்தில் மாணவர்கள் பாதிக்கப்படக் கூடாது என்று பல இடங்களில் விதியைத் தளர்த்தினார்கள், அதுவும் இதில் சேர்ந்தது. அடுத்த வருஷமே 32.8க்கு இறங்கியது. 2018 முதல் செயல்படும் ஆஃபீஸ் ஃபார் ஸ்டூடன்ட்ஸ் என்ற ஒழுங்குமுறை அமைப்பு இந்த ஏற்றத்தைத் தொடர்ந்து கேள்வி கேட்டது. பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்புகளும் 2020இல் இதற்கென்று வழிகாட்டுக் கொள்கைகளை வெளியிட்டன. தசமத்தை ஒரே ஒரு முறை, அதுவும் கடைசியில் மட்டும் முழு எண்ணாக்க வேண்டும், வகுப்பை உயர்த்தலாமா என்று யோசிக்கிற எல்லைப் பகுதி இரண்டு மார்க்குக்கு மேல் போகக் கூடாது என்கிற மாதிரியான விஷயங்கள். 2022இல் கொரோனாவுக்கு முந்தைய அளவுக்கே திரும்புவோம் என்று வாக்கும் கொடுத்தார்கள். "பாவம், அரை மார்க்தானே" என்று யாராவது கை தூக்கி ஏற்றிவிடுகிற காலம் போய்விட்டது என்பதற்காக இதைச் சொல்கிறேன். முன்பெல்லாம் போர்டில் பேராசிரியர்கள் ஒரு மாணவரைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசி ஏற்றியதுண்டு. இப்போது எண் வருகிறது, விதி வருகிறது, அடுத்த எண்.

எல்லைப் பகுதி என்றேன் இல்லையா, அது உங்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம். பல இடங்களில் 58 அல்லது 59க்கு மேல் இருந்து, கடைசி வருஷ கிரெடிட்டில் பாதிக்கு மேல் உயர்ந்த வகுப்பில் இருந்தால் ஏற்றிவிடுவார்கள். உங்கள் மகளுக்கு டிசர்டேஷன் 40 கிரெடிட்டில் 68, இருபது கிரெடிட் மாட்யூல்கள் 64, 61, 57, 54. அதாவது 120இல் 80 கிரெடிட் டூ ஒன் தரம். அந்த மாதிரி விதி இருந்திருந்தால் கேள்வியே இல்லாமல் ஏறியிருப்பாள். ஆனால் அவளுடைய பல்கலைக்கழகத்தில் அந்த விதி இல்லை, பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டேன். அங்கே இருப்பது ஒன்றே ஒன்று, கடைசி எண் 59.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் 60 என்று எடுத்துக்கொள்வார்கள். இந்த 59.5ஐ மட்டும் நினைவில் வையுங்கள்.

வீட்டுக்காரரின் கேள்விக்கு வருகிறேன். வெள்ளைக்கார மாணவர்களுக்கும் மற்ற மாணவர்களுக்கும் நடுவே நல்ல வகுப்பு வாங்குவதில் இடைவெளி இருப்பது இங்கே எல்லோரும் வெளிப்படையாகப் பேசுகிற விஷயம், ஒழுங்குமுறை அமைப்பே கணக்கு வெளியிடுகிறது. அதனால் அவர் சந்தேகத்தை நான் சிரித்து ஒதுக்க மாட்டேன். ஆனால் 59.2 டூ டூ ஆனது கணினி போட்ட கணக்கில். பெரும்பாலான போர்டுகளில் பெயர்கூட இருக்காது, மாணவர் எண் மட்டும்தான். இந்த இடத்தில் அந்தக் குற்றச்சாட்டை வைத்தால் உண்மையான விஷயம் அடிபட்டுப் போகும்.

ரீவேல்யுவேஷன் கிடையாது. பணம் கட்டி, தாளின் ஜெராக்ஸ் வாங்கி, வேறொரு ஆசிரியரிடம் காட்டி, மறு மதிப்பீட்டுக்குப் போடுகிற நம் ஊர்ப் பழக்கத்தை இங்கே எதிர்பார்க்காதீர்கள். தாள்களை முன்கூட்டியே இன்னொரு ஆசிரியர் சரிபார்த்திருப்பார், வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வருகிற வெளித்தேர்வாளரும் மாதிரிக்குச் சில தாள்களைப் பார்த்திருப்பார். "என் கட்டுரைக்கு 54 போதாது, 60 தர வேண்டும்" என்பதை மேல்முறையீட்டுக்குக் காரணமாக எடுத்துக்கொள்ளவே மாட்டார்கள். திருத்தியவரின் கல்வித் தீர்ப்பில் கை வைக்க முடியாது. கை வைக்கக்கூடியது இரண்டுதான்: விதியைச் சரியாகக் கடைப்பிடித்தார்களா, மகளுக்கு நேர்ந்த துன்பம் உரிய முறையில் கணக்கில் வந்ததா.

இப்போது அந்த 38. டிரான்ஸ்கிரிப்டோடு மாட்யூல் விவரத்தையும் அனுப்பியது நல்லதாய்ப் போயிற்று. தேர்வுக்குப் பாதி, கோர்ஸ்வொர்க்குக்குப் பாதி. தேர்வில் 33. கோர்ஸ்வொர்க்குக்கு ஆசிரியர் போட்டது 58, தாமதத்துக்கு நாளுக்கு 5 வீதம் மூன்று நாளுக்கு 15 கழித்து 43. இரண்டின் சராசரி 38. 40க்குக் கீழ் என்றாலும் மற்ற மாட்யூல்கள் நன்றாக இருந்ததால் ஈடுகட்டி கிரெடிட் கொடுத்துவிட்டார்கள், மார்க் மட்டும் 38ஆகவே நின்றுவிட்டது. எல்லோரும் கிரெடிட் வந்துவிட்டது என்று நிம்மதியாகிவிட்டீர்கள், அங்கேதான் தப்பு நடந்திருக்கலாம்.

வெள்ளி மதியம் 12க்குக் கொடுக்க வேண்டியது, திங்கள் காலை போயிருக்கிறது. நடுவில் சனி, ஞாயிறு. நீங்கள் அனுப்பிய விதிமுறைப் பக்கத்தில் தாமதக் கழிவு "வேலை நாள்" ஒன்றுக்கு 5 மார்க் என்றுதான் இருக்கிறது. அப்படியென்றால் தாமதம் ஒரு நாள்தான், கழிக்க வேண்டியது 5. துறையின் கையேட்டில் மட்டும் "நாள்" என்று மொட்டையாக இருக்கிறது, அதைப் பார்த்து யாரோ மூன்று நாள் கழித்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். இரண்டும் முரண்பட்டால் வழக்கமாகப் பல்கலைக்கழக விதிதான் நிற்கும், துறைக் கையேடு அதற்குக் கீழேதான். ஆனால் மகள் படித்த வருஷத்தின் விதி அதுதானா என்று தேதியைச் சரிபாருங்கள், வருஷா வருஷம் மாற்றுவார்கள். மாணவர் சேர்ந்த வருஷத்து விதியா, மார்க் வந்த வருஷத்து விதியா என்பதும் அதே ஆவணத்தின் முன்பக்கத்தில் இருக்கும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 5 மட்டும் கழித்தால் கோர்ஸ்வொர்க் 53, மாட்யூல் 43. இரண்டாம் வருஷத்தின் ஆறு மாட்யூல்களும் 62, 60, 58, 57, 55, 43 ஆகும். சராசரி 55.83. அதில் 40 சதவீதம் 22.33, கூட 37.2, மொத்தம் 59.53. 59.5ஐத் தாண்டிவிட்டது. டூ ஒன்.

மகிழ்ச்சியில் நாத்தனாருக்கு ஃபோன் போடாதீர்கள், இன்னும் எதுவும் நடக்கவில்லை. ஆனால் இது நிர்வாகப் பிழை என்ற வகையில் வருகிறது. மேல்முறையீட்டுக் காரணங்களில் என் அனுபவத்தில் மிக வலுவானது இதுதான், ஏனென்றால் யாருடைய இரக்கத்தையும் கேட்க வேண்டியதில்லை. விதியில் ஒரு வரி, கையேட்டில் ஒரு வரி, சமர்ப்பித்த நேரத்தின் ரசீது, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முடிந்தது.

பாட்டி இறந்த விஷயத்தையும் சேர்க்கலாம், ஆனால் இரண்டாவதாக. துயரம், நோய் மாதிரியான சூழ்நிலைகளுக்கு அந்த நேரத்திலேயே ஒரு படிவம் கொடுத்திருக்க வேண்டும். இங்கே பிள்ளைகள், அதிலும் நம் வீட்டுப் பிள்ளைகள், அதைச் செய்வதில்லை. வீட்டு விஷயத்தை வெளியே ஏன் சொல்ல வேண்டும் என்று வளர்த்துவிட்டோம். படிவம் ஏற்கப்பட்டிருந்தால் கழிவே இருந்திருக்காது, அல்லது கழிவில்லாமல் மறுபடி எழுத வாய்ப்புக் கிடைத்திருக்கும், மார்க்கை அப்படியே கூட்டித் தர மாட்டார்கள். இவ்வளவு நாள் கழித்துச் சொன்னால், அப்போதே ஏன் சொல்லவில்லை என்பதுதான் முதல் கேள்வி. "சொல்லத் தோன்றவில்லை" என்ற பதில் பெரும்பாலும் எடுபடாது. ஆனால் அந்த வாரம் டியூட்டருக்கோ மாட்யூல் ஆசிரியருக்கோ "பாட்டி இறந்துவிட்டார், ஊருக்குப் போகிறேன்" என்று ஒரு வரி மின்னஞ்சல் போட்டிருந்தால் கதையே வேறு. பல்கலைக்கழகத்துக்குத் தெரிந்தும் யாரும் படிவத்தைப் பற்றி அவளுக்குச் சொல்லவில்லை என்று வாதிடலாம். இறப்புச் சான்றிதழ், விமான டிக்கெட் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். தமிழில் உள்ள சான்றிதழை ஆங்கிலத்துக்கு முறைப்படி மொழிபெயர்த்து இணைக்க வேண்டியிருக்கும்.

நேரம்தான் இப்போது எதிரி. மேல்முறையீட்டுக்குக் கெடு ரொம்பக் குறைவு, பல இடங்களில் ரிசல்ட் வந்து இரண்டு மூன்று வாரம். போன வாரம் வந்தது என்கிறீர்கள், அதனால் முதலில் கெடு தேதியைப் பாருங்கள். விண்ணப்பம் மகளின் பெயரில், மகளே எழுத வேண்டும், நீங்கள் எழுதினால் பதில்கூட வராது (அவள் எழுதிக் கொடுத்த சம்மதம் இல்லாமல் பெற்றோரிடம் பேச எங்களுக்கு அனுமதி இல்லை, எத்தனை அப்பாக்கள் ஃபோனில் சத்தம் போட்டாலும்). மாணவர் சங்கத்தில் இலவச ஆலோசகர்கள் இருப்பார்கள், அவர்கள் பல்கலைக்கழகத்தின் ஊழியர்கள் இல்லை, வரைவை அவர்களிடம் காட்டச் சொல்லுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். குடும்பக் கதை, நாத்தனார் மகன், மற்ற பல்கலைக்கழகத்து விதி எதுவும் அதில் வரவே கூடாது, வேறு இடத்து விதியைக் காட்டுவதால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

பட்டமளிப்பு விழாவுக்கு கவுன் பதிவு செய்துவிட்டோம் என்று கீழே சின்னதாக எழுதியிருந்தீர்கள். விழாவில் பட்டம் வாங்கிவிட்டால் முடிவை ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்கிற இடங்களும் உண்டு. அதனால் கலந்துகொள்வது மேல்முறையீட்டைப் பாதிக்குமா என்று முதலில் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளட்டும்.

பல்கலைக்கழகத்துக்குள் எல்லாப் படியும் முடிந்து மறுத்துவிட்டால், நடைமுறை முடிந்தது என்று ஒரு கடிதம் தருவார்கள். அதை வைத்து 12 மாதத்துக்குள் சுயேச்சைத் தீர்ப்பாளர் அலுவலகத்துக்கு, ஓ.ஐ.ஏ. என்பார்கள், புகார் அனுப்பலாம். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் அதுதான். கட்டணம் இல்லை. அவர்களும் மார்க்கைத் திருத்த மாட்டார்கள், விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தார்களா என்றுதான் பார்ப்பார்கள். உங்கள் கேள்வியும் அதுதானே.

ஒருவேளை டூ டூவே நின்றுவிட்டால்? வேலைக்கு டூ ஒன் கேட்கிற நிறுவனங்கள் இன்னும் இருக்கின்றன, ஆனால் குறைந்துகொண்டு வருகின்றன. கணக்கு, தணிக்கைத் துறையில் பெரிய பெயரான ஈ.ஒய். 2015இலேயே அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது, பி.டபிள்யூ.சி. 2022இல். எம்.எஸ்சி.க்கு டூ டூவோடு சேர்த்துக்கொள்கிற இடங்கள் நிறைய இருக்கின்றன. விண்ணப்பத்தில் டிசர்டேஷன் 68ஐ மறக்காமல் போடச் சொல்லுங்கள். மேல்முறையீடு நடந்துகொண்டிருக்கும்போது எங்கேயாவது விண்ணப்பித்தால், இப்போது கையில் இருக்கிற வகுப்பைத்தான் எழுத வேண்டும், வரப்போகிறதை எழுதக் கூடாது. முடிவு மாறினால் அப்போது திருத்திக்கொள்ளலாம்.

இன்றைக்கே செய்ய வேண்டியது இது. அந்த கோர்ஸ்வொர்க்கை அனுப்பியபோது கணினி கொடுத்த ரசீதையும், அந்த வாரத்து மின்னஞ்சல்களையும் மகள் தன் பல்கலைக்கழகக் கணக்கிலிருந்து இறக்கிவைக்கட்டும். படிப்பு முடிந்து சில வாரங்களிலோ மாதங்களிலோ அந்தக் கணக்கை மூடிவிடுவார்கள்.